இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு

அண்ணன் போன பிறகு அவருடைய கைபேசி என்னிடம் வந்து சேர்ந்தது. "இத வெச்சு நான் என்னா பண்ணப் போறேன், நீயே வெச்சுக்க," என்று அண்ணி கொடுத்துவிட்டார். அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு புலனக் குழு இருந்தது. பதினேழு பேர். பெரும்பாலும் ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, தோட்டம் கைமாறியதும் ஆளுக்கொரு பக்கமாகப் போனவர்கள். அவர்கள் அந்தக் குழுவில் செய்வது ஒன்றே ஒன்றுதான். எங்கள் அப்பா காலத்து பிரிட்டிஷ் பாப் குழு ஒன்றின் ஆல்பங்களில் எது உசத்தி, எது மட்டம் என்று காலை முதல் சண்டை போடுவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள். வெட்கமே கிடையாது.

நான் அன்றைக்கே விலகியிருக்கலாம். ஆனால் முதல் நாளே ஒருவர், "ஏழாவது ஆல்பம் வெறும் சத்தம்லா," என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அண்ணன் அந்த ஆல்பத்தை எப்படிக் கொண்டாடினார் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து நீளமாக ஒரு பதில் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், அது அண்ணனுடைய படத்தோடு போயிருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற படம். அவருடைய கருமாதி முடிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. குழுவில் ஒருவர் மட்டும் "அண்ணே?" என்று கேட்டிருந்தார்.

நான் தங்கச்சி என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். படத்தை மாற்றத்தான் மனம் வரவில்லை. அதனால் இன்றைக்கும் நான் சொல்கிற அபிப்பிராயமெல்லாம் அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வதாகத்தான் அவர்களுக்குப் போய்ச் சேருகிறது. கொஞ்ச நாளில் அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

குழுவில் இரண்டு கட்சி உண்டு. தொகுப்புக் கட்சிக்குத் தலைவர், ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர். "நல்ல பாட்டையெல்லாம் பொறுக்கி ஒரே எடத்துல போட்டுக் குடுத்துட்டான். அப்புறம் எதுக்குலா மத்தத கட்டிக்கிட்டு அழுவுறீங்க?" என்பார். ஆல்பக் கட்சிக்குத் தலைவர், ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். "தொகுப்புல எல்லாப் பாட்டும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி சிரிச்சிக்கிட்டு நிக்கும். வீட்டுல அதுங்க எப்டி இருக்கும்னு ஆல்பத்துலதான் தெரியும்," என்பது அவர் வாதம். நான் ஆல்பக் கட்சி. ஆனால் முதல் இரண்டு ஆல்பமும் சர்க்கரைத் தண்ணீர், கடைசி ஆல்பத்தில் நாலு பேருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பது பாட்டிலேயே தெரிகிறது என்று நான் எழுதியதில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் என்மேல் கோபம். ஜெலாப்பாங்கில் கையுறை ஆலையில் இருபத்தைந்து வருஷம் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள் நான். எதிலும் ஓட்டைதான் முதலில் கண்ணில் படும்.

இரண்டு கட்சியும் சண்டையை விட்டு ஒன்றாகக் கைகோக்கிற இடம் ஒன்று உண்டு. ஐந்தாவது ஆல்பம், இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு. மெதுவான பாட்டு. கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று, பாடுகிறவரும் நின்று, ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. அந்த இடத்தில் மூன்று தட்டு கேட்கும். டொக், டொக், டொக். அப்புறம் சரணம் தொடங்கும்.

"அந்தத் தட்டுக்காகவே அவனுங்களுக்குக் கும்புடு போடலாம்," என்று லாரிக்காரர் எழுதுவார். "கேக்குறப்பல்லாம் முடி நட்டுக்கும்." சாப்பாட்டுக்கடை அண்ணனுக்கு ஒரே ஒரு மனக்குறை: தொகுப்பில் அந்தப் பாட்டு இருக்கிறது, தட்டு இல்லை. துடைத்து மெருகு போட்டு வெளிவந்த புதுப் பதிப்பிலும் இல்லை. "வெட்டிட்டானுங்கலா. நல்லதா ஒன்னு இருந்தா அத வெட்டுறதுதான் இவனுங்களுக்கு வேல." அது சாவு வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் என்று ஒருவர், சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம் என்று ஒருவர், தாயின் இதயம் என்று ஒருவர். பத்திப் பத்தியாக எழுதுவார்கள். இதில் மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஏனென்றால் அந்தத் தட்டு எந்தப் பதிப்பிலும் கிடையாது. சீமையில் யாரும் எதையும் தட்டவில்லை. அது எங்கள் தோட்டத்தில், எங்கள் லயத்தில், எங்கள் வீட்டுச் சுவரில் விழுந்த தட்டு.

லயத்தில் பத்து வீடு வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். எங்கள் லயத்தில் அந்தச் சுவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்று தட்டினால் "கொஞ்சம் வா" என்று அர்த்தம். இரண்டு திருப்பித் தட்டினால் "வாரேன்". பதில் வராவிட்டால் ஆள் இல்லை, எதிர்ப்பக்கத்துச் சுவரைத் தட்டிக்கொள்ள வேண்டியதுதான். உப்புக்கும் தட்டுவார்கள், பிரசவ வலிக்கும் தட்டுவார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை மற்றவர்களைவிட அதிகமாகத் தட்டுவாள். அவளுக்கு இழுப்பு நோய். கூப்பிட்டால் குரல் வராது. மழைக்காலத்தில் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருப்பாள். மூன்று தட்டு கேட்டதும் நான் இரண்டு தட்டிவிட்டு ஓடுவேன். பெரும்பாலும் ஒரு வாளி தண்ணீர் பிடிக்கச் சொல்வாள், இல்லாவிட்டால் கோழியை அடைக்கச் சொல்வாள். இரண்டு மூன்று தடவை மட்டும் உதடு நீலமாகி உட்கார்ந்திருப்பாள். அப்போது தோட்டத்து மருந்தகத்து டிரஸரைக் கூட்டிவர ஓடுவேன். ஐந்து நிமிஷத் தூரம். அவர் வந்து ஓர் ஊசி போட்டால் அடங்கிவிடும்.

அப்போது எனக்குப் பத்து வயது. அண்ணன் ஈப்போவில் ஒரு கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சாயம் அடிக்க வந்த ஒரு காருக்குள் அந்த ஐந்தாவது ஆல்பத்தின் அசல் கேசட் கிடந்திருக்கிறது. பட்டறையில் அரை நாள் வேலை முடிந்ததும் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். ஆறு மணிக்குக் கார்க்காரர் வருவார். அதற்குள் கேசட் திரும்பக் காருக்குள் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு கேசட் பெட்டி இருந்தது. பதிவு செய்ய இன்னொரு பெட்டி வேண்டும். அதை அத்தைதான் கொடுத்தாள். "எனக்கும் ஒன்னு எடுத்துக் குடுடா தம்பி," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். இரண்டு பெட்டியையும் மடித்த கம்பளிமேல் எதிரெதிராக முகம் பார்க்க வைத்தோம். ஒன்று பாடும், மற்றது அதைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு முழ வயரைச் செருகினால் போதும், வீட்டில் யார் கத்தினாலும் பதியாது என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருகிறது.

ஜன்னலைச் சாத்தினோம். அப்பாவும் அம்மாவும் புல்வெட்டுக்குப் போயிருந்தார்கள். கோழியும் பிள்ளைகளும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே நான் மட்டும். பக்கம் முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி இரண்டு பெட்டியையும் அழுத்த வேண்டும். அதுதான் என் வேலை. "மூச்சுகூட விடாத," என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். நான் நிஜமாகவே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பக்கத்தில் நான்காம் பாட்டு ஓடும்போது, வாத்தியமெல்லாம் நின்ற அந்த இடத்தில், சுவரில் மூன்று தட்டு விழுந்தது.

எனக்கு வந்தது எரிச்சல்தான். பதிவு செய்கிறோம் என்று தெரிந்தும் தட்டுகிறாளே என்று இருந்தது. தெரிந்தும் தட்டுகிறாள் என்றால் ஏன் தட்டுகிறாள் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. நான் அசையவில்லை. இன்னும் இரண்டு பாட்டு இருந்தது. முடிந்ததும் போகலாம் என்று நினைத்தேன். முடிந்தது. அண்ணன் உள்ளே ஓடிவந்தார், கேசட்டைப் பிடுங்கினார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் வரும் தார்ச் சடக்குவரை ஓடினார். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை கையாட்டிவிட்டு, அங்கேயே பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்டேன்.

அத்தையின் புருஷன் ஆலையிலிருந்து வந்தபோது அவள் எங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று நினைத்து அவர் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர்கூடக் காய்ச்சியிருக்கிறார். அவர்களுக்கு ஒரே மகள், ஐந்து வயது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயில் விளையாடிக்கொண்டிருந்தது. அத்தைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாள் பூரா வீட்டுலதான் இருந்தேன்! என் செவுத்த தட்டியிருந்தா ஓடி வந்திருப்பேனே! ஏன் தட்டல?"

அந்தக் கேள்வியைத்தான் நான் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பதில் தட்டவில்லை. பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் தட்ட வேண்டியதுதானே? அதுதானே வழக்கம்? செத்துப்போனவள்மேல் கோபப்படுவது அசிங்கம். ஆனால் கோபப்பட்டேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் என்னால் சாப்பிட்டிருக்க முடியாது, தூங்கியிருக்க முடியாது. யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்கும் தெரியாது. கேசட்டைப் போட்டுக் கேட்டவர், "நல்லாத்தான் தட்டிருக்கான்," என்றார். பாட்டிலேயே இருப்பது என்று நினைத்துவிட்டார். தமக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, கொடுத்த வாக்குக்காக முதல் கேசட்டை அத்தையின் புருஷனிடம் கொடுத்தார். அண்ணனின் நகலிலிருந்து தோட்டத்துப் பையன்கள் எடுத்தார்கள். அவர்களிடமிருந்து பக்கத்துத் தோட்டம். தோட்டத்தை விற்று ஆள்கள் கலைந்தபோது கேசட்டும் அவர்களோடு நாலா பக்கமும் போனது. தட்டும் போனது.

எங்கள் புலனக் குழு சில ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த முஸ்லிம் அண்ணனின் கடையில் கூடும். போன வருஷம் ஒரு கூட்டத்துக்கு பாரிட் புந்தாரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். குழுவில் வெகுநாளாக இருப்பவள்தான், ஆனால் எதுவும் எழுத மாட்டாள். நேராக என்னிடம் வந்தாள்.

"என்னத் தெரிலயாக்கா? பக்கத்து வீடு."

தெரியாமல் என்ன. அத்தையின் முகம் அப்படியே இருந்தது. அத்தை செத்த வயதைவிட அவளுக்கு வயது கூடிவிட்டது, அதுதான் வித்தியாசம். "வா, வா, உக்காரு, சாப்டியா?" என்று என்னென்னவோ உளறினேன். அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

பேச்சு வழக்கம்போல அந்தப் பாட்டுக்கு வந்தது. கடைக்கார அண்ணன் தம் கைபேசியைத் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்து வைத்து, புதுப் பதிப்பைப் போட்டார். "கேளுங்க, தொடச்சு எடுத்துட்டானுங்க," என்றார். எட்டுப் பேர் மேசையைச் சுற்றிக் குனிந்து கேட்டோம். வாத்தியம் நின்றது. பாடுகிறவர் நின்றார். அந்த வெற்று இடம் வந்தது.

யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. எல்லாருடைய கையும் ஒன்றாக மேசைமேல் இறங்கியது. டொக், டொக், டொக். லாரிக்காரர், கடைக்கார அண்ணன், எனக்குப் பெயர் தெரியாத ஒரு வாத்தியார், எல்லாரும் ஒரே அழுத்தம், ஒரே இடைவெளி. அத்தை எப்படித் தட்டுவாளோ அப்படி. முதல் இரண்டும் நெருக்கமாக, மூன்றாவது கொஞ்சம் தாமதித்து. மூச்சு வாங்கிக்கொண்டு தட்டுகிறவளின் தட்டு அது. அவளைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஆறு பேர் அதைத் தட்டினார்கள். நான் மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அது முடிந்த பிறகு, அவள் மட்டும், விரல் நுனியால், பூனை நடப்பதுபோல இன்னும் இரண்டு தட்டினாள்.

"அது என்னாது ரெண்டு?" என்றார் லாரிக்காரர்.

"என் கேசட்டுல இருக்குண்ணே. மூணுக்கு அப்புறம் மெதுவா ரெண்டு. எனக்கு இந்த ஆல்பத்துலயே அந்த ரெண்டுதான் புடிக்கும்."

"இல்ல!" என்றேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். "மூணுதான். ரெண்டெல்லாம் கெடையாது. கேசட்டு தேஞ்சி கோளாறா கேக்கும், அத போயி சொல்லிக்கிட்டு."

கடைக்கார அண்ணன், "ஐயோ, தட்டுக்கும் சண்டையா? ஆளுக்கொரு தே தாரிக் கலக்கச் சொல்லவாலா?" என்று சிரித்துச் சமாளித்தார். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்து கேளுங்கக்கா," என்றாள். "ரொம்பப் பழசு. வெளிய எடுத்துட்டு வர பயமா இருக்கு."

போகவே கூடாது என்றுதான் நினைத்தேன். ஈப்போவில் நான் இருப்பது வரிசை வீட்டில். பக்கத்து வீட்டுச் சீனர் படம் மாட்டச் சுவரில் ஆணி அடித்தால் நான் வெளியே போய்விடுவேன். கட்டிலைக்கூடச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சுவரில் ஒன்றும் கேட்காதபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது. துணி மடிக்கும்போது, காய் நறுக்கும்போது, திடீரென்று கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். ஒரு நாள் பகலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், என் இடது கை விரல் தானாகப் பலகைமேல் இரண்டு தட்டுவதைப் பார்த்தேன். மெதுவாக, நுனியால். துருவியைக் கீழே போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாரிட் புந்தாருக்கு ரயில் ஏறினேன்.

வயலுக்கு நடுவே சின்னக் கல்வீடு. பகல் பன்னிரண்டு மணி, வெயிலில் கண் கூசியது. அவள் எனக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தாள். கைப்பிடி உடைந்த பழைய கேசட் பெட்டி. எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் கம்பளிமேல் கேட்டுக்கொண்டிருந்த பெட்டி அதுதான். "ரிப்பேர் பண்ணிப் பண்ணி வெச்சிருக்கேன்," என்றாள். கேசட்டை இரண்டாம் பக்கம் திருப்பிப் போட்டாள். பட்டனை அழுத்தினாள்.

பாட்டுக்கு முன்னால் கேட்டது எங்கள் வீடு. தகரக் கூரைமேல் ஏதோ உரசுகிற சத்தம். தூரத்தில் ஒரு சேவல். வாசலில் அண்ணன் "ச்சூ, ச்சூ" என்று கோழி விரட்டுகிற சத்தம், பதினேழு வயதுக் குரல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கெல்லாம் பின்னால், ஒட்டாமல், அந்த பிரிட்டிஷ்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் பாட்டு வந்தது. வாத்தியம் நின்றது. மூன்று தட்டு. அண்ணனின் நகலில் கேட்டதைவிடப் பக்கத்தில், பலகை அதிர்வதுகூடக் கேட்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் இரண்டு.

ரொம்ப மெதுவான இரண்டு. நகல் எடுத்தால் இரைச்சலில் கரைந்துவிடும் அளவுக்கு மெதுவானது. பதிவு கெட்டுவிடக் கூடாதே என்று, உட்கார்ந்த இடத்திலிருந்து கையை மட்டும் நீட்டி, விரல் நுனியால் ஒரு குழந்தை தட்டிய தட்டு. அதைக் கேட்டதுமே என் விரலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தப் பலகையின் சொரசொரப்பு, அதில் ஒட்டியிருந்த பழைய நாள்காட்டித் தாளின் ஓரம், எல்லாம்.

நான் பதில் சொல்லியிருக்கிறேன். வாரேன் என்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அவள் அந்தப் பக்கத்துச் சுவரைத் தட்டவில்லை. அதனால்தான் எங்கள் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷமாக அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேனே, பாவி, நான் வருவேன் என்று நம்பி உட்கார்ந்திருந்தவள்மேல்.

அவள் பெட்டியை நிறுத்தினாள்.

"இத அப்பா வீட்டுல போட விடமாட்டாரு," என்றாள். "அவரு இல்லாதப்பதான் கேப்பேன். சாவுறதுக்குக் கொஞ்ச நாளு முன்னாடிதான் சொன்னாரு, அந்த மூணு, உங்க அம்மா தட்டுனதுன்னு. அதுக்கப்புறம் எத்தனையோ வாட்டி கேட்டுட்டேன்க்கா. அம்மா கொரல் எனக்கு ஞாபகம் இல்ல. இதான் இருக்கு. அம்மா தட்டுனாங்க, யாரோ வாரேன்னு சொல்லிட்டாங்க, தனியா சாகலன்னு நெனச்சிக்குவேன். அதான் அந்த ரெண்டு எனக்குப் புடிக்கும்." பெட்டியின் உடைந்த கைப்பிடியைத் தடவினாள். "யாருன்னு உங்க அண்ணன்கிட்ட கேக்கணும்னுதான் குரூப்புல சேந்தேன். கேக்க வாய் வரல. அதுக்குள்ள அவரு போயிட்டாரு. அப்புறம் ஒரு நாளு, அவரு படத்துல நீங்க பேசுனீங்க."

"நாந்தான்," என்றேன். "அந்த ரெண்டு, நாந்தான் தட்டுனேன்."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"ஏங்க்கா வரல?" என்று கேட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை கேட்கிற மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

அதற்கு ஒரு பதில்தான் இருந்தது. வேறு நல்ல பதிலாக ஒன்று கிடைக்காதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"கேசட்டுல இன்னும் ரெண்டு பாட்டு இருந்துச்சு," என்றேன்.

அவள் கையை நீட்டிப் பட்டனை அழுத்தினாள். கடைசிச் சரணம் தொடங்கியது. நான்காம் பாட்டு முடிந்து ஐந்தாம் பாட்டு வந்தது, அது முடிந்து ஆறாவது வந்தது. துள்ளலான பாட்டுகள், குழுவில் எல்லாருக்கும் பிடித்த பாட்டுகள். இரண்டையும் முழுசாக, நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டோம். சுவரில் மறுபடி யாரும் தட்டவில்லை.